கம்பி மாறும் இடம்

பதினெட்டுச் சுரங்கள்தான். கிட்டாரில் மேலே இருக்கும் தடித்த ஆறாவது கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டையில்) தொடங்கி, கம்பிக்கு மூன்றாக ஏறி, முதல் கம்பியின் பத்தாம் ஃப்ரெட்டில் முடிகிற ஓர் ஓட்டம். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியில் 126 வேகம், அதாவது நிமிடத்துக்கு 126 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம். மொத்தமும் இரண்டு விநாடியைக் கொஞ்சம் தாண்டும். எங்கள் மெல்லிசைக் குழு எல்லாக் கச்சேரிகளிலும் வாசிக்கிற ஒரு பாட்டின் இடையிசையில் இது வருகிறது. கீபோர்டு நின்றுவிடும், தபேலா நின்றுவிடும், கிட்டார் மட்டும் தனியாக ஏறிப் போய்ப் பாடகரைச் சரணத்தில் இறக்கிவிட வேண்டும்.

2016 சித்திரையில், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்க் கோயில் கொடைவிழாவில், அந்த இடத்தில் எனக்குக் கை தவறியது. நான்காவது கம்பியிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது பிக், கம்பியை மீட்டுகிற சிறிய தகடு, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்தவை வெறும் சத்தம். பாடகர் அனுபவசாலி, கிட்டாருக்குக் காத்திராமல் சரணத்தை எடுத்துவிட்டார். கூட்டத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தபேலா வாசிக்கும் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, ஆறு மாதமாகப் பார்க்கிறேன். நீ தடுமாறுகிற நாளெல்லாம் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறாய். வேகம் போதாதவன் எங்கே வேண்டுமானாலும் விழுவான். உனக்கு அங்கே வேறு என்னவோ இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் பிடிபட இன்னும் ஓர் ஆண்டு பிடித்தது. அந்த ஓர் ஆண்டை வேறு யாரும் வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஓட்டத்தை நான் வாசிப்பது ஆல்டர்னேட் பிக்கிங் என்ற முறையில். அதைச் சொல்லால் விளக்குவது எளிது. பிக்கைக் கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை வீச வேண்டும். எத்தனை சுரம் வந்தாலும், எந்தக் கம்பிக்குப் போனாலும் அந்த வரிசை குலையக் கூடாது. நடக்கும்போது இடக்காலும் வலக்காலும் மாறி மாறி வருகிற மாதிரிதான். இங்கே கீழ்வீச்சு, மேல்வீச்சு என்றே எழுதுகிறேன். கீழ்வீச்சு தரையை நோக்கிப் போவது, மேல்வீச்சு நம் முகத்தை நோக்கி வருவது.

இதைப் பழகும் முறையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெட்ரோனோமை 60இல் வை, பிசிறில்லாமல் வாசி, 64க்குப் போ, 68க்குப் போ. நானும் அப்படித்தான் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு, எண்ணைப் போட்டு, பிசிறு இருந்தால் ஒரு சுழி போட்டு வைத்தேன். 2012இல் தொடங்கிய நோட்டு அது. 2013 முடிவதற்குள் 112ஐத் தொட்டுவிட்டேன். 2016இலும் 112தான். நடுவில் சில நாட்கள் 116 என்று எழுதியிருக்கிறேன், மறுநாளே சுழி.

அந்த நோட்டிலேயே விடையும் இருந்தது. ஒரே கம்பியில் ஒரே சுரத்தை மேலும் கீழும் அடிக்கிற பயிற்சியில் நான் 150ஐத் தாண்டியிருந்தேன். அதாவது விநாடிக்குப் பத்து வீச்சு. கம்பி மாறுகிற பயிற்சியில் 112, விநாடிக்கு ஏழரைகூட இல்லை. ஒரே கை, ஒரே பிக், ஒரே ஆள். கைக்கு வேகம் இல்லை என்று இனி எப்படிச் சொல்வது? வேகம் கையில் இருக்கிறது. கம்பி மாறும் இடத்தில்தான் ஏதோ அதைத் தடுக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு கம்பி வேகம் எவ்வளவு, இரண்டு கம்பி வேகம் எவ்வளவு? இரண்டும் நெருக்கமாக இருந்தால் கை இன்னும் தளர வேண்டும், இன்னும் பழக வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் மெட்ரோனோமை மூடி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை கிடைத்தது அலைபேசியில். 2017இல் நான் வாங்கிய போனில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருந்தது. ட்ராய் கிரேடி என்ற அமெரிக்கர், கிட்டாரிலேயே கேமராவைப் பொருத்திப் பெரிய வாசிப்பாளர்களின் வலக்கையைப் படம் பிடித்து ஆராய்ந்து வந்ததை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அதெல்லாம் அவர்களுக்கு என்று இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து, கம்பிகளை ஒட்டிப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். 112 வேகத்தில் ஒரு சுரத்துக்கு ஏறக்குறைய 32 படங்கள் கிடைக்கின்றன. எவ்வளவு தாராளமான கணக்கு!

படத்தில் கண்டதை அப்படியே சொல்கிறேன். கீழ்வீச்சின்போது பிக் கம்பியைக் கடந்து கிட்டாரின் உடலை நோக்கி இறங்குகிறது. இறங்கி அடுத்த கம்பியின் தோளில் போய் நிற்கிறது. மேல்வீச்சின்போது அதே சாய்ந்த பாதையில் திரும்பி, கம்பிகளின் மட்டத்தைவிட்டு வெளியே எழுகிறது. என் கை நேர்கோட்டில் போய் வருவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சாய்வாகத்தான் போய் வந்திருக்கிறது. மேல்வீச்சு முடிந்ததும் பிக் காற்றில் இருக்கிறது, எந்தக் கம்பிக்கும் போகலாம். கீழ்வீச்சு முடிந்ததும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. அங்கிருந்து அடுத்த கம்பியைத் தாண்டி அதன் மறுபக்கம் போய் மேல்வீச்சு அடிக்க வேண்டும். அதற்காக மணிக்கட்டு முழுவதும் ஒரு குதி குதித்தது. அந்தக் குதியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளாக அந்தக் குதியைத்தான் வேகப்படுத்த முயன்றிருக்கிறேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பிக்கு மூன்று சுரம், கீழ்வீச்சில் தொடக்கம். ஆறாவது கம்பியில் கீழ், மேல், கீழ். எனவே கீழ்வீச்சுக்குப் பின் கம்பி மாற்றம். ஐந்தாவதில் மேல், கீழ், மேல். மேல்வீச்சுக்குப் பின் மாற்றம். இப்படியே போனால் மொத்தம் ஐந்து மாற்றங்களில் ஆறிலிருந்து ஐந்துக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் போகிற மூன்றும் கீழ்வீச்சுக்குப் பின் வருபவை. கொடையில் நான் விழுந்தது நான்கிலிருந்து மூன்றுக்குப் போன இடத்தில். அண்ணன் சொன்ன "ஒரே இடம்" இதுதான்.

எல்லாக் கைகளும் என் கை மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு இது தலைகீழாக இருக்கும்: கீழ்வீச்சில் பிக் வெளியே வரும், மேல்வீச்சில் பள்ளத்தில் மாட்டும். உங்கள் கை எந்த வகை என்று அறிய கேமராகூட வேண்டாம். இரண்டு கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு சுரம், திரும்பத் திரும்ப. முதலில் கீழ்வீச்சில் தொடங்குங்கள். அப்போது எல்லா மாற்றங்களும் மேல்வீச்சுக்குப் பின் வரும். பிறகு அதே சுரங்களை மேல்வீச்சில் தொடங்குங்கள். எல்லா மாற்றங்களும் கீழ்வீச்சுக்குப் பின் வரும். இரண்டையும் உங்களால் முடிந்த வேகத்தில், கொஞ்சம் பிசிறானாலும் பரவாயில்லை என்று வாசித்துப் பாருங்கள். எது வழுக்கிக்கொண்டு போகிறதோ அதுவே உங்கள் கையின் இயல்பான வழி. எனக்கு முதலாவது 140ஐத் தொட்டது. இரண்டாவது 108.

இப்போது இரண்டு வழிகள் தெரிந்தன. வாசிக்கிற சுரக்கோவையைக் கைக்கு ஏற்றபடி அமைப்பது ஒன்று, எந்தச் சுரக்கோவைக்கும் ஏற்றபடி கையைப் பழக்குவது இன்னொன்று. முதலாவதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்வீடனின் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் 1980களில் உலகத்தை மலைக்க வைத்த வேகத்தின் அடியில் இந்த ஒழுங்குதான் இருக்கிறது: மேல்வீச்சில் பிக் வெளியே வருகிற கை, அதற்கேற்பக் கம்பிக்கு இரட்டைப்படைச் சுரங்கள். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, ஜாங்கோ ரைன்ஹார்ட் வழிவந்த ஜிப்ஸி ஜாஸ் கலைஞர்கள் கீழ்வீச்சை அடுத்த கம்பியின்மேல் சாயவிட்டு, புதிய கம்பிக்குப் போகும்போதெல்லாம் கீழ்வீச்சிலேயே தொடங்கினார்கள். 1928 தீ விபத்தில் ஜாங்கோவின் இடக்கையில் இரண்டு விரல்கள் செயலிழந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த இரண்டு விரல் இசையைச் சுமந்து போன வலக்கையைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே என் பதினெட்டுச் சுரங்களையும் மறுபடி அடுக்கினேன். மூன்று மூன்றாக இருந்ததை ஆறாவது கம்பியில் இரண்டு, ஐந்தாவதில் நான்கு, பிறகு இரண்டு, நான்கு, இரண்டு, நான்கு என்று மாற்றினேன். கூட்டினால் அதே பதினெட்டு, அதே சுரங்கள், அதே வரிசை. நான்கு சுரம் வருகிற கம்பிகளில் இடக்கையின் சுட்டுவிரல் ஒரு சிறிய நகர்வு நகர வேண்டும்: ஐந்தாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டைத் தொட்டதும் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு வழுக்க வேண்டும். அந்த நகர்வு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வலக்கையில் ஐந்து மாற்றங்களும் மேல்வீச்சுக்குப் பின். மூன்று வாரத்தில் 126 வந்துவிட்டது. ஐந்து ஆண்டு வராத 126. ஓட்டம் முடிந்து பிக் காற்றில் நின்றபோது அறையில் யாரும் இல்லை. நான் கிட்டாரை மடியில் கிடத்திவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையே இன்னொரு குறுக்குவழியையும் முயன்றேன். கம்பி மாறும்போது கீழ்வீச்சை நிறுத்தாமல் அப்படியே அடுத்த கம்பிக்கும் இழுத்துவிடுவது. எகானமி பிக்கிங் என்பார்கள். ஃபிராங்க் கம்பாலே போன்ற கிட்டார் கலைஞர்கள் அதைப் பெரிய கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். என் கையில் அது மாறும் இடத்தில் இரண்டு சுரங்களை நெருக்கித் தள்ளியது. தாளம் முன்னால் ஓடியது. தபேலா அண்ணனோடு வாசிக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

அடுக்கை மாற்றியது மேடைக்குப் போதும். ஆனால் பாட்டு எல்லாம் என் வசதிக்கு அமையாதே. மூன்று மூன்றாகவும் வாசிக்கத் தெரிய வேண்டும், கம்பிக்கு ஒன்றாகவும் வாசிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ் கம்பிக்கு ஒரே ஒரு சுரம் வரும் அடுக்குகளைக்கூடக் கீழ், மேல் வரிசை குலையாமல் வாசிக்கிறார். அந்தக் கை எப்படியோ இரண்டு பக்கமும் வெளியே வருகிறது. என்னால் செய்ய முடிந்தது இதுதான்: கீழ்வீச்சுக்குப் பின் மாற்றம் வரும் என்று தெரிகிற இடத்தில், அதற்கு முந்தைய வீச்சிலேயே முன்கையை மயிரிழை அளவு திருப்பிச் சாய்வை மாற்றிவிடுவது. கதவின் சாவியைத் திருப்புகிற அசைவு, அதில் பத்தில் ஒரு பங்கு. அப்போது அந்த ஒரு கீழ்வீச்சு உள்ளே இறங்காமல் வெளியே எழுகிறது.

இதைப் பழகிய பயிற்சி மிகச் சிறியது. இரண்டாவது கம்பியில் 5, 7, 8. முதல் கம்பியில் 5. நான்கே சுரம், சுற்றிச் சுற்றி. கீழ்வீச்சில் தொடங்கினால் போகும்போது கீழ்வீச்சுக்குப் பின் மாற்றம், திரும்பும்போது மேல்வீச்சுக்குப் பின். மேல்வீச்சில் தொடங்கினால் இது இடம் மாறும். எப்படித் தொடங்கினாலும் ஒரு திருப்பம் எளிது, ஒரு திருப்பம் கடினம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கும்போது எந்தத் திருப்பத்தில் கை இறுகுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றை அடித்துச் சொல்ல வேண்டும். அசைவைத் தேடுகிற கட்டத்தில் மெதுவாக வாசிப்பது பயன்படாது. மெதுவான வேகத்தில் தப்பான அசைவும் பிசிறில்லாமல் ஒலிக்கும். 60இல் அந்தக் குதியோடு எவ்வளவு சுத்தமாக வாசித்தேன் தெரியுமா! முதலில் வேகமாக, ஒரு மூச்சுக்கு, நான்கு அல்லது எட்டுச் சுரம் மட்டும் வாசித்து நிறுத்துங்கள். பிசிறும். விடுங்கள். இருபது முறையில் ஒரு முறை கை எடையே இல்லாததுபோலச் சட்டென்று போகும். அந்த ஒரு முறையின் உணர்வை நினைவில் வைத்துக்கொண்டு, அதே அசைவோடு வேகத்தைக் குறைத்து, அப்போது சுத்தம் செய்யுங்கள். மெதுவான பயிற்சிக்கு மரியாதை உண்டு; அது சரியான அசைவு கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

மணிக்கட்டு எப்படி அசைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுகிற அசைவு. யாரும் முழங்கையை இறுக்கிக்கொண்டு ஈரத்தை உதறுவதில்லை. வேகம் கூடும்போது நான் முழங்கையை இறுக்கினேன். எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டால் கை நடுங்கும், நகராது. அப்படி இறுக்கியதில் 2015இல் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்து, தேநீர்க் கோப்பையைத் தூக்கக்கூட முடியாமல் ஐந்து வாரம் கிட்டாரைத் தொடாமல் இருந்தேன். வலியைத் தாண்டிப் பயிற்சி செய்வது வீரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாளும் வலித்தால் மருத்துவரிடம் போங்கள்.

பிக்கைப் பற்றியும் கொஞ்சம். 0.73 மில்லிமீட்டர் தடிமனில் வாசித்துக்கொண்டிருந்தவன் 1.14க்கு மாறினேன். மெல்லிய பிக் வளைந்து திரும்புகிற அந்த இமைப்பொழுது, ஒற்றைச் சுர ஓட்டத்தில் எனக்குத் தாமதமாகவே இருந்தது. கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிப்பது) வாசிக்க இன்னும் மெல்லியதைத்தான் எடுக்கிறேன். விரலுக்கு வெளியே மூன்று நான்கு மில்லிமீட்டர் முனை தெரிந்தால் போதும். தட்டையாக அடிக்காமல் பிக்கின் விளிம்பு சற்று முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்தால் கம்பியை எளிதாகக் கடக்கும். அளவு மீறித் திருப்பினால் உரசல் சத்தம் வரும்.

இத்தனையும் செய்த பிறகும் அண்ணன் திருப்தியடையவில்லை. "எல்லாச் சுரமும் வருகிறது. ஆனால் தகிட என்று கேட்கவில்லை" என்றார். தகிட என்பது மூன்று அசையுள்ள தாளச் சொல். அவர் மிருதங்கம் முறையாகக் கற்றவர். குழுவுக்காகத் தபேலாவுக்கு வந்தவர். ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, தொடையில் தாளம் போட்டபடி தகிட தகிட தகிட தகிட என்று சொல்ல வைத்தார். ஒவ்வொரு "த"வும் அழுத்தமாக விழ வேண்டும். பிறகு கிட்டாரை எடுத்து, ஒரே கம்பியில் அதையே வாசிக்கச் சொன்னார். முதல் "த" கீழ்வீச்சில் கணீரென்று விழுந்தது. இரண்டாவது "த" மேல்வீச்சில் வந்தது; காணாமலே போனது. மூன்றாவது விழுந்தது. நான்காவது காணவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். என் மேல்வீச்சுக்கு எடையே கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தகதிமியில் இது தெரியாது. நான்கு நான்காகப் போனால் அழுத்தம் எப்போதும் கீழ்வீச்சிலேயே விழும். மேற்கத்தியப் பயிற்சிகளில் பெரும்பாலும் அந்த நான்குதான். திஸ்ரத்தில், அதாவது மூன்றில், அழுத்தம் கீழ், மேல் என்று மாறுகிறது. கண்டத்தில் தகதகிட என்று ஐந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் தொடக்க வீச்சு புரளும். மிஸ்ரத்தில் தகிட தகதிமி என்று ஏழு. உள்ளுக்குள்ளேயே ஒருமுறை புரண்டு, அடுத்த சுற்றில் மறுபடி புரளும். வலக்கையின் இரண்டு வீச்சையும் சமமாக்க இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் கண்டதில்லை. நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் இதைத் தேடிக்கொண்டு வந்தவர். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்தார். பிற்காலத்தில் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்கட்டை வாயால் சொல்லும் கலை, பற்றிய பாடத்தையே வெளியிட்டார். ஆல்டர்னேட் பிக்கிங்கின் முன்னோடிகளில் ஒருவரான அவருக்கு நம் சொற்கட்டு தேவைப்பட்டிருக்கிறது. மறுபக்கம், மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து கம்பி மின் மாண்டலினில் பிக்கை வைத்துக்கொண்டு கர்நாடக இசை முழுவதையும் வாசித்துக் காட்டினார். அவருடைய கச்சேரிப் பதிவுகளை நான் இப்போதும் வலக்கையை மட்டும் பார்த்தபடி பார்க்கிறேன்.

அண்ணனிடம் கற்ற இன்னொன்று காலம். சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடுவது போல, தாளத்தை 60இலேயே நிறுத்தி, தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று வாசிக்கச் சொன்னார். 60, 64, 68 என்று ஏறும்போது எந்த இடத்தில் கை இறுகத் தொடங்கியது என்றே தெரியாது. காலம் இரட்டிக்கும்போது கை என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். வாயும் கூடவே சொல்ல வேண்டும். வாயில் வராதது கையில் வராது என்பது அவர் கட்சி. எனக்கும் இப்போது அதுவே கட்சி.

இடக்கை வலக்கையோடு சேரவில்லை என்றாலும் பிசிறும். பிழை வலக்கையுடையது போலவே ஒலிக்கும். பிக் இல்லாமல் இடக்கை விரல்களை மட்டும் தட்டி அதே ஓட்டத்தைத் தாளத்தில் வாசித்துப் பாருங்கள். அங்கேயும் தடுமாறினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது காலையில் 25 நிமிடம். அலுவலகம் போவதற்கு முன், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல். ஐந்து நிமிடம் ஒற்றைக் கம்பியில் தகிடவும் தகதகிடவும். பத்து நிமிடம் ஏதாவது ஒரு கம்பி மாற்றம், ஒன்றே ஒன்று. மிச்சம் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போனைச் சாய்த்து வைத்துப் படம். நோட்டில் எண்கள் எழுதுவதை விட்டுவிட்டேன். எந்தக் கம்பியிலிருந்து எந்தக் கம்பிக்கு, எந்த வீச்சுக்குப் பின், கை இறுகியதா இல்லையா என்று எழுதுகிறேன்.

இந்த வாரப் பக்கத்தில் இருப்பது: நான்காவது கம்பியிலிருந்து மூன்றாவதைத் தாண்டி இரண்டாவதற்கு, கீழ்வீச்சுக்குப் பின். இறுகுகிறது. ஆடிக் கொடைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அண்ணன் இந்த முறை இடையிசையை மிஸ்ரத்தில் முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். முடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.